குபாவுக்கு ஒரு நடைவழி: வெயிலும் நிழலும்

மதீனா மாநகருக்குச் செல்லும் நம்மவர்களுள் பெரும்பாலோர் ஒரு நாள் காலையில் வாடகைக் காரிலோ பயண ஏற்பாட்டாளரின் பேருந்திலோ குபா பள்ளிவாசலுக்குச் சென்று, இரண்டு ரக்அத் தொழுது திரும்புகின்றனர். உஹத் மலை, இரு கிப்லாப் பள்ளி, அகழ்ப்போர் நிகழ்ந்த இடம் ஆகியவற்றோடு குபாவும் 'ஸியாரத்' பட்டியலில் ஓர் இடமாக அமைந்துவிடுகிறது. நபிகளாரின் பள்ளிவாசலிலிருந்து குபா வரை நடந்தே செல்ல விரும்புவோரும் உளர். வழியின் தொலைவு ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர். நிதானமாக நடப்பவருக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஆகும்.

இந்த நடையைப் பற்றி நம்மிடையே ஓர் எண்ணம் நிலவுகிறது. வெயில் கடுமையாக இருந்தால் சிரமம் கூடும். சிரமம் கூடினால் கூலியும் கூடும் என்பதே அது. இவ்வெண்ணத்தோடு கோடைக்கால நண்பகலில் செருப்பும் குடையும் குடிநீருமின்றிப் புறப்படுவோரும் உண்டு. அவர்களின் ஆர்வம் போற்றத்தக்கதே. ஆயினும் அந்தப் பாதையில் முதன்முதலாக நடந்த பெருமானார் (ஸல்) அவர்களும் அவர்களின் தோழர்களும் வெயிலை எவ்வாறு நோக்கினார்கள் என்பதை அறிந்துகொள்வது அந்த ஆர்வத்துக்கு நேரிய வழியைக் காட்டும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு கரும்பாறை வெளிகளுக்கு இடையே

முதலில் நிலத்தை அறிந்துகொள்வோம். மதீனா கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிழக்கே ஹர்ரத் வாகிம், மேற்கே ஹர்ரத்துல் வபரா என்னும் இரண்டு கரும்பாறை வெளிகள் நகரை அணைத்துக் கிடக்கின்றன. 'ஹர்ரா' என்பது பண்டைய எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்த நிலத்தைக் குறிக்கும் அரபுச் சொல். வெப்பத்தைக் குறிக்கும் 'ஹர்ர்' என்னும் சொல்லும் அதே வேரினதே. நகரின் தென்கிழக்கே பரந்து கிடக்கும் ஹர்ரத் ரஹத்தில் ஹிஜ்ரி 654 (கி.பி. 1256) ஆம் ஆண்டில்கூட எரிமலை வெடித்துக் குழம்பு வழிந்ததை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும் இக்கருங்கற்கள் மாலையில்தான் மெல்ல அதனை வெளிவிடும். கோடை மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கு வழக்கமான செய்தி.

குபா நகரின் தென்புறத்தில், 'ஆலியா' எனப்படும் மேட்டுப் பகுதியில் உள்ளது. வாதிகளின் நீரைப் பெற்றுப் பேரீச்ச மரங்கள் செழித்த பகுதி அது. மக்கா மதீனாவுக்குத் தெற்கே இருப்பதால் மதீனாவாசிகளின் கிப்லா தெற்குத் திசை. எனவே நபிகளாரின் பள்ளியிலிருந்து குபாவை நோக்கி நடப்பவர் ஏறத்தாழக் கிப்லாவை நோக்கியே நடக்கிறார். திரும்புகையில் ஷாம் தேசத்தின் திசையை நோக்கி வருகிறார். காலையில் செல்பவருக்கு இடக் கைப்புறத்திலும், பிற்பகலில் செல்பவருக்கு வலக் கைப்புறத்திலும் சூரியன் இருக்கும்.

நண்பகலின் நிலைமை வேறு. மதீனா கடகரேகைக்குச் சற்றே வடக்கில், 24 பாகைக்கும் சிறிது மேலான அட்சத்தில் இருக்கிறது. ஜூன் மாதப் பிற்பகுதியில் உச்சிப்பொழுதின் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்பொழுது மனிதனின் நிழல் அவனது காலடியிலேயே ஒடுங்கிவிடும். சுவர் ஓரமாக நடந்தாலும் சுவருக்கே நிழல் இராது. வடக்கிலிருந்து தெற்காகச் செல்லும் இவ்வழியில் நண்பகலில் ஒதுங்க இடமின்மைக்குக் காரணம் இதுவே.

நிழலோடு தொடங்கிய வரலாறு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டுவிட்டார்கள் என்ற செய்தி மதீனாவை எட்டியபின், அங்குள்ள முஸ்லிம்கள் ஒவ்வொரு நாளும் காலையில் ஹர்ராவுக்கு வந்து காத்திருந்தனர். நண்பகலின் வெப்பம் தாங்க முடியாத அளவை எட்டியதும் வீடு திரும்பினர். ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெறும் ஹிஜ்ரத் பற்றிய நீண்ட அறிவிப்பு இதனைக் கூறுகிறது. தூதரை வரவேற்கும் ஆவலைவிடப் பெரிய ஆவல் எது? அத்தகைய ஆவலுடையோரும் வெயில் முற்றியபோது வீட்டுக்குத் திரும்பினார்கள் என்பது கவனத்தில் கொள்ளத்தக்கது.

அவ்வாறு அவர்கள் திரும்பிய ஒரு நாளில்தான், தம் கோட்டையின் மேல் ஏறி நின்ற யூதர் ஒருவர், கானல்நீரை விலக்கிக்கொண்டு வெண்ணிற ஆடையில் வருவோரைக் கண்டு உரக்கக் கூவி அறிவித்தார். கி.பி. 622 ஆம் ஆண்டின் ரபீஉல் அவ்வல் மாதம், திங்கட்கிழமை. அண்ணலார் வலப்புறமாகத் திரும்பி, குபாவில் வாழ்ந்த பனூ அம்ர் இப்னு அவ்ஃப் கூட்டத்தாரிடம் இறங்கினார்கள். அவர்கள் மௌனமாக அமர்ந்திருக்க, அபூபக்ர் (ரலி) அவர்கள் நின்று மக்களை எதிர்கொண்டார்கள். அதற்குமுன் நபியைப் பார்த்திராத அன்ஸாரிகள் அபூபக்ரையே நபியென எண்ணி ஸலாம் கூறலாயினர். அதற்குள் வெயில் நகர்ந்து அண்ணலார் மீது பட்டது. உடனே அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் மேலாடையை விரித்து நிழல் செய்தார்கள். அப்போதுதான் மக்கள் தூதர் யாரென்று அறிந்துகொண்டார்கள்.

குபா மண்ணில் பெருமானாரின் அடையாளம் ஒரு தோழரின் மேலாடை தந்த நிழலால் வெளிப்பட்டது. வெயிலைத் தாங்குவது எளியோரின் கடமை, நிழல் பெறுவது சுகவாசிகளின் பழக்கம் என்றெல்லாம் அன்று எவரும் கருதவில்லை. நேசத்தின் முதற்செயல் நிழல் தருவதாக இருந்தது.

குபாவில் அண்ணலார் தங்கிய நாட்களைப் பற்றி இருவகை அறிவிப்புகள் உள்ளன. அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு பதினான்கு இரவுகள் என்கிறது. இப்னு இஸ்ஹாக் போன்ற ஸீரா ஆசிரியர்கள் திங்கள் முதல் வியாழன் வரை என்கின்றனர். எவ்வாறாயினும் அந்த நாட்களில்தான் குபா பள்ளிவாசல் எழுந்தது. பின்னர் ஒரு வெள்ளியன்று அண்ணலார் புறப்பட்டு, வழியில் பனூ ஸாலிம் இப்னு அவ்ஃப் கூட்டத்தாரின் ரானூனா வாதியில் ஜும்ஆ தொழுகை நடத்தினார்கள். அங்குள்ள பள்ளி இன்றும் 'மஸ்ஜிதுல் ஜும்ஆ' என வழங்கப்படுகிறது. பின்பு அவர்களது ஒட்டகம் இரு அநாதைச் சிறுவர்களுக்குரிய பேரீச்சங்களத்தில் மண்டியிட்டது. அந்தக் களமே நபிகளாரின் பள்ளிவாசலாயிற்று. ஆகவே இந்தப் பாதையின் முதல் பயணம் குபாவிலிருந்து நகரை நோக்கிச் சென்றது. இன்று நாம் நடப்பது அதன் எதிர்த்திசையில்.

வெள்ளியும் சனியும்

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் குபாவுக்கு நடந்தும் வாகனத்தில் ஏறியும் வருவார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது உள்ளது. இப்னு உமரும் இதனைத் தம் வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். தம் இல்லத்தில் தூய்மை செய்துகொண்டு குபா பள்ளிக்கு வந்து தொழுபவருக்கு ஓர் உம்றாவின் கூலி உண்டு என்ற நபிமொழியை ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்கள் வாயிலாக நஸாயீ, இப்னு மாஜா ஆகியோர் பதிவு செய்துள்ளனர்.

சனிக்கிழமை என்று ஒரு நாளைத் தெரிந்தது எதற்காக? ஹிஜ்ரி 852 இல் மறைந்த ஹாஃபிள் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள். குபாவாசிகள் வெள்ளியன்று ஜும்ஆவுக்காக நபிகளாரின் பள்ளிக்கு வருவர். வர இயலாது போனவர்களின் நிலையைக் கேட்டறியவும், அன்ஸாரிகளோடு உறவைப் பேணவுமே மறுநாள் அண்ணலார் அங்கு சென்றார்கள் என்பது அவ்விளக்கத்தின் சாரம். வெள்ளியன்று குடிமக்கள் தலைவரை நாடி வந்தனர். சனியன்று தலைவர் குடிமக்களை நாடிச் சென்றார். நோயாளியோ முதியவரோ தம் பள்ளியின் முற்றத்திலேயே தூதரைக் காணும் பேறு பெற்றார். குபாவின் சனிக்கிழமைக்கு இத்தகைய மனிதநேயப் பின்னணி உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இவ்வழியில் வேறு நோக்கங்களுக்காகவும் கால்கள் நடந்தன. ஒருமுறை குபாவாசிகள் தமக்குள் பிணங்கி, கல்லெறியும் அளவுக்குப் போயினர். செய்தி அறிந்த அண்ணலார், அவர்களிடையே சமாதானம் செய்யத் தோழர்களை அழைத்துக்கொண்டு சென்றார்கள். அவர்கள் திரும்பத் தாமதமானதால் பள்ளியில் அபூபக்ர் (ரலி) அவர்கள் இமாமாக நின்று தொழுகையைத் தொடங்கிய நிகழ்ச்சியும் புகாரீயில் உள்ளது.

கிப்லா மாற்றத்தின் செய்தியும் இப்படித்தான் குபாவை எட்டியது. அங்குள்ளோர் ஸுப்ஹு தொழுகையில் ஷாமை நோக்கி நின்றிருந்தனர். அப்போது ஒருவர் வந்து, இரவில் குர்ஆன் வசனம் அருளப்பெற்றதையும் கஅபாவை முன்னோக்கக் கட்டளை வந்திருப்பதையும் அறிவித்தார். அவர்கள் தொழுகையிலேயே கஅபாவின் திசைக்குத் திரும்பினர். முகத்தை வடக்கே வைத்திருந்த ஒரு ஜமாஅத்தே, நகரிலிருந்து வந்த ஒரு மனிதரின் சொல்லைக் கேட்டுத் தெற்கே திரும்பிய காட்சியை எண்ணிப் பார்த்தால், இந்த மூன்றரை கிலோமீட்டரின் கனம் விளங்கும்.

உமர் (ரலி) அவர்கள் மேட்டு மதீனாவில் வாழ்ந்தபோது, அண்டை வீட்டு அன்ஸாரித் தோழரோடு முறை வைத்துக்கொண்டு ஒரு நாள் தாமும் மறுநாள் அவருமாக அண்ணலாரிடம் சென்று, அன்றைய வஹீச் செய்தியையும் பிறவற்றையும் கொண்டுவந்து பகிர்ந்துகொண்டதை நாம் அறிவோம். உறவுக்காக, சமாதானத்துக்காக, செய்திக்காக, கல்விக்காக என மேட்டு மதீனாவுக்கும் நபிகளாரின் பள்ளிக்கும் இடையே மக்கள் சென்று வந்துகொண்டே இருந்தனர்.

வெயில் என்னும் கடிகாரம்

கடிகாரம் இல்லாத காலத்தில் இந்த வழியும் வெயிலுமே நேரத்தைக் கணக்கிட உதவின. நாங்கள் அஸர் தொழுவோம். பின்னர் எங்களுள் ஒருவர் குபாவுக்குச் செல்வார். அவர் அங்கு சேரும்போதும் சூரியன் உயரத்திலேயே இருக்கும் என்ற கருத்தை அனஸ் (ரலி) அவர்கள் கூறுகின்றார்கள். அஸரை அதன் தொடக்க வேளையில் தொழுததற்கு மதீனாவாசிகள் காட்டிய சான்று இது. ஃபிக்ஹு நூல்களின் 'வக்து' பற்றிய விவாதங்களில் இன்றளவும் இந்நடை சான்றாக நிற்கிறது.

இன்னொரு செய்தி இதனினும் நுட்பமானது. ஒருநாள் அண்ணலார் குபாவாசிகளிடம் வந்தபோது அவர்கள் முற்பகல் நஃபில் தொழுதுகொண்டிருந்தனர். ஒட்டகக் கன்றுகளின் குளம்புகள் மணலின் சூட்டை உணரும் வேளையே 'அவ்வாபீன்' தொழுகையின் வேளை என்று அண்ணலார் விளக்கினார்கள். ஸைத் இப்னு அர்கம் (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பு முஸ்லிமில் உள்ளது. நம் ஊர்களில் மஃரிபுக்குப் பின் தொழப்படும் நஃபிலுக்கு அப்பெயர் வழங்கினாலும், இந்த ஹதீஸில் அது ளுஹாவையே குறிக்கிறது. கன்றின் மெல்லிய பாதம் சுடுகின்ற வேளையை அளவுகோலாக வைத்த நுட்பம் சிந்திக்கத்தக்கது. தாய் ஒட்டகத்தின் தடித்த பாதம் அந்தச் சூட்டை அறியாது. இங்கு பயன்படும் வினைச்சொல்லின் வேர்தான் 'ரமளான்' என்னும் மாதப் பெயருக்கும் வேர். அது சுட்டெரிக்கும் தரையைக் குறிப்பது.

இப்னு உமர் (ரலி) அவர்கள் ளுஹாத் தொழுகையை இரண்டு நாட்களில்தான் தொழுவார்கள்: மக்காவுக்கு வந்து சேரும் நாளிலும், குபாவுக்கு வரும் நாளிலும். இதிலிருந்து அவர்களின் குபா நடை முற்பகலில் அமைந்தது என்பது தெளிவாகிறது.

நண்பகலைப் பற்றி அண்ணலாரின் வழிகாட்டல் வெளிப்படையானது. வெப்பம் கடுமையாகும்போது ளுஹரைச் சூடு தணியும் வேளைக்குத் தாமதப்படுத்துமாறு அவர்கள் ஏவினார்கள். ஃபிக்ஹில் இதற்கு 'இப்ராத்' என்று பெயர். ஐவேளைத் தொழுகையை அதன் முதல் வேளையில் நிறைவேற்றுவதன் சிறப்பு அனைவரும் அறிந்தது. அந்தச் சிறப்பையும்கூட வெப்பத்தின் பொருட்டுச் சற்று ஒதுக்கிவைக்க மார்க்கம் இடம் தந்திருக்கிறது. தரையில் நெற்றியை வைக்க இயலாத அளவு சூடு இருந்தபோது ஆடையை விரித்து அதன்மேல் ஸுஜூது செய்ததாக அனஸ் (ரலி) அவர்கள் கூறுவதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

சிரமமே நோக்கமாகுமா?

இனி, சிரமத்துக்கேற்ற கூலி என்னும் கருத்துக்கு வருவோம். இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அன்ஸாரிகளுள் ஒருவரின் வீடு பள்ளிக்கு மிகத் தொலைவில் இருந்தது. எந்தத் தொழுகையும் அவருக்குத் தவறியதில்லை. இருளிலும் சுடுமணலிலும் ஏறிவர ஒரு கழுதை வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்லப்பட்டபோது, பள்ளியின் அருகே வீடு இருப்பதைத் தாம் விரும்பவில்லை என்றும், போவதும் வருவதும் தமக்காக எழுதப்பட வேண்டும் என்றும் அவர் விடையிறுத்தார். அவர் நாடிய அனைத்தையும் அல்லாஹ் அவருக்குச் சேர்த்துவிட்டான் என்று அண்ணலார் நற்செய்தி கூறினார்கள். உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் இது இடம்பெறுகிறது. பனூ ஸலிமா கூட்டத்தார் பள்ளியின் அருகில் குடிபெயர விரும்பியபோது, இருக்குமிடத்திலேயே இருக்குமாறும் காலடிகள் பதிவு செய்யப்படுவதாகவும் அவர்களுக்குக் கூறப்பட்டது. உம்றாவின் கூலி படும் பாட்டின் அளவுக்கு அமையும் என்ற கருத்து ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்டதும் ஸஹீஹான செய்தியே.

மறுபுறத்தில் வேறு சில ஸஹீஹான செய்திகள் உள்ளன. அபூ இஸ்ராயீல் என்பவர் வெயிலில் நிற்பது, உட்காராதிருப்பது, நிழலில் ஒதுங்காதிருப்பது, பேசாதிருப்பது, நோன்பு நோற்பது என நேர்ச்சை செய்திருந்தார். அவர் பேச வேண்டும், நிழலில் ஒதுங்க வேண்டும், உட்கார வேண்டும், நோன்பை மட்டும் நிறைவு செய்ய வேண்டும் என்று அண்ணலார் கட்டளையிட்டார்கள். நடந்து செல்வதாக நேர்ந்துகொண்ட முதியவர் ஒருவர் தம் இரு மகன்களின் தோளில் தொங்கியவாறு தள்ளாடி வந்தபோது, இவர் தம்மையே வதைத்துக்கொள்வதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்று கூறி, அவரை வாகனத்தில் ஏறச் செய்தார்கள். இவ்விரண்டும் புகாரீயில் உள்ளவை.

இவ்விரு வகைச் செய்திகளையும் எவ்வாறு இணைத்துக் காண்பது? ஹிஜ்ரி 790 (கி.பி. 1388) இல் மறைந்த கிரனாடாவின் பேரறிஞர் இமாம் ஷாதிபீ அவர்கள் தம் 'அல்முவாஃபகாத்' நூலில் இக்கேள்வியை விரிவாக ஆராய்கிறார்கள். அவர்கள் வந்தடையும் முடிவு இதுதான்: அடியான் சிரமத்தையே நோக்கமாகக் கொள்ளலாகாது. கடினமான ஒரு வணக்கத்தை, அதன் கூலி பெரிதென்பதற்காக நாடலாம். அப்போதும் அவன் நாடுவது வணக்கத்தையே. சிரமம் அதனோடு வந்து சேர்வது. நோயாளி கசப்பு மருந்தை அருந்துவது கசப்புக்காக அன்று என்பதைப் போல இதனைப் புரிந்துகொள்ளலாம்.

பனூ ஸலிமாவின் செய்தியையும் ஷாதிபீ அவர்கள் விட்டுவிடவில்லை. மதீனாவின் புறப்பகுதி வெறுமையாகிவிடுவதை அண்ணலார் விரும்பவில்லை என்ற கூடுதல் தகவல் புகாரீயில் உள்ளதைக் கொண்டு அதனை விளக்குகிறார்கள். நகரின் எல்லைகள் மக்களின்றிப் போகாதிருக்க அவர்கள் அங்கேயே வாழ்வது அவசியம். அந்த அவசியத்தால் நேரும் நடைக்கு இறைவனிடம் கூலி உண்டு. தொலைவில் வாழ்ந்த அன்ஸாரித் தோழரின் நிலையும் இத்தகையதே. அவர் வெயிலைத் தேடிச் செல்லவில்லை. தொழுகையின் வேளை வெயிலில் அமைந்தபோது அதனைப் பொருட்படுத்தாது நடந்தார்.

குபாவின் நடை இதிலிருந்து வேறுபடுகிறது. அதற்கு வேளை குறிக்கப்படவில்லை. காலையில் செல்லலாம், மாலையில் செல்லலாம். நடக்கலாம், வாகனத்தில் ஏறலாம். அண்ணலாரே நடந்தும் ஏறியும் சென்றார்கள் எனும்போது, ஏறிச் செல்பவர் சுன்னத்தில் குறைந்தவர் ஆகார். உம்றாவின் கூலியைக் கூறும் நபிமொழியும் தூய்மை, வருகை, தொழுகை ஆகிய மூன்றையே கூறுகிறது. எவ்வாறு வர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவில்லை. தவிர்க்கத்தக்க வெயிலைத் தேர்ந்து நடப்பவர் பிந்திய அன்ஸாரித் தோழரை அன்றி, அபூ இஸ்ராயீலையே ஒத்திருக்கிறார்.

நிழல் அமைப்பதும் நற்பணி

மக்களின் பாதையிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தை வருவிக்கும் என்று அண்ணலார் எச்சரித்ததை முஸ்லிம் பதிவு செய்துள்ளது. பாதையும் நிழலும் அந்த எச்சரிக்கையில் ஒரே மூச்சில் இடம்பெறுகின்றன. பாலைநில நகரத்தில் இவ்விரண்டும் பொதுச்சொத்து. நடப்பவனின் உரிமை அவற்றில் அடங்கியுள்ளது. பாதையிலிருந்து இடையூறு அகற்றுவது ஈமானின் ஒரு கிளை எனும்போது, வெயிலின் இடையூறு அகற்றுவதும் அதனுள் அடங்காதா?

இக்கண்ணோட்டத்தில் இரு பள்ளிகளின் அண்மைக்கால வரலாற்றை நோக்கலாம். உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள் மதீனாவின் ஆளுநராக இருந்தபோது இரண்டையும் புதுப்பித்தார்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் பலரும் திருத்தினர். 1986 ஆம் ஆண்டில் குபா பள்ளி முற்றிலும் புதிதாக எழுப்பப்பட்டது. எகிப்தியக் கட்டடக்கலைஞர் அப்துல் வாஹித் அல்வகீல் அதனை மரபு வழியில் குவிமாடங்களோடும் நான்கு மினாராக்களோடும் வடிவமைத்தார். நடுவே உள்ள முற்றத்துக்கு மடித்து விரிக்கத்தக்க துணிக்கூரையை ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் போடோ ராஷ் அமைத்தார். பகலில் விரிந்து நிழல் தந்து, இரவில் மடிந்து வானத்தைத் திறந்துவிடும் அமைப்பு அது. நபிகளாரின் பள்ளி வளாகத்தில் விரிந்து நிற்கும் 250 பெருங்குடைகளும் அவரது பணியின் தொடர்ச்சியே. அபூபக்ர் (ரலி) அவர்களின் மேலாடையும் விரிக்கப்பட்ட துணிதான் என்பதை அக்குடைகளின் கீழ் நிற்கும்போது நம்மால் நினையாதிருக்க முடியவில்லை.

இடையில் உள்ள பாதையின் நிலை வேறாக இருந்தது. நகரம் பெருகியபோது தோட்டங்கள் குறைந்தன. பழைய ஒடுங்கிய சந்துகளின் இடத்தை அகன்ற தார்ச்சாலைகள் பிடித்தன. சந்தின் இருபுற வீடுகளும் ஒன்றன் நிழலை மற்றொன்றின் மீது வீழ்த்தின. அகன்ற சாலைக்கு அந்த வசதி இல்லை. அண்மை ஆண்டுகளில்தான் 'ஜாத்தத் குபா' என்னும் பெயரில் நடப்போருக்கான தனி வழி அமைக்கப்பட்டு, மரங்களும் இருக்கைகளும் இடம்பெற்றன. நடக்க இயலாதோருக்கு மின்கல வண்டிகளும் ஓடுகின்றன. 2022 ஏப்ரலில் குபா பள்ளியைப் பத்து மடங்காக, 50,000 சதுர மீட்டர் அளவுக்கு, 66,000 பேர் தொழும் வகையில் விரிவாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அத்தனை பேரும் வந்து சேரும் வழியின் நிழலும் பள்ளியின் பரப்போடு சேர்த்தே எண்ணப்பட வேண்டிய ஒன்றாகும்.

இதன் அவசியத்தை 2024 ஜூன் மாத ஹஜ்ஜு நமக்கு வேதனையோடு உணர்த்தியது. மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியை எட்டிய அந்நாட்களில் 1,301 பேர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தோர். தங்குமிடமும் நிழலுமின்றி நேர் வெயிலில் நெடுந்தொலைவு நடந்தோர். முதியோரும் நாள்பட்ட நோயுடையோரும் அவர்களிடையே இருந்தனர். அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் கருணை புரிவானாக. நிழலுக்கும் வாகனத்துக்கும் வழியற்றோர் நடந்து மாண்டனர். அவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மறுத்து நடப்பது அவர்களின் துயரத்திலிருந்து நாம் ஒன்றும் கற்கவில்லை என்பதையே காட்டும்.

நம்மவர்களுக்குச் சில குறிப்புகள்

தமிழகக் கரையோர வெயிலுக்குப் பழகியவர்கள், அந்த வெயிலையே அறிந்த நமக்கு இது என்ன பெரிது என்று எண்ணுவதுண்டு. இரண்டும் வேறானவை. நம் ஊரின் ஈரக்காற்றில் வியர்வை உடலில் நின்று ஆடையை நனைக்கும். களைப்பு முன்னதாகவே தெரியும். மதீனாவின் வறண்ட காற்றில் வியர்வை வெளிப்பட்டதும் ஆவியாகிவிடும். உடல் உலர்ந்திருப்பதால் நீரிழப்பு நடப்பதே தெரியாது. தாகம் தோன்றும் முன்பே நீர் அருந்த வேண்டும் என்பது இதனால்தான். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்வோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். தலைசுற்றல், குமட்டல், பேச்சில் குழப்பம் ஆகியவை தோன்றினால் உடனே நிழலில் ஒதுங்கி, உடலைக் குளிர்வித்து, உதவி நாட வேண்டும்.

நடக்க விரும்புவோருக்கு ஏற்ற வேளை ஸுப்ஹுக்குப் பிந்திய நேரமே. தங்குமிடத்திலேயே உளூச் செய்துகொண்டு, நபிகளாரின் பள்ளியில் ஸுப்ஹு தொழுது, சூரியன் உயர்ந்தபின் புறப்பட்டால், தரை சுடும் முன்பே குபாவை அடைந்துவிடலாம். கோடையில் ஒட்டகக் கன்றின் பாதம் சுடும் வேளை வருவதற்குள் தொழுகையும் நிறைவேறிவிடும். திரும்புவதற்கு வண்டியில் ஏறினால் நடந்தும் ஏறியும் என்ற இரண்டும் ஒரே நாளில் அமைந்துவிடும். பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பதைவிடப் பையில் எடுத்துச் செல்வது நன்று. தவறிப்போனால் தார்ச்சாலையில் வெறுங்காலோடு திரும்ப நேரும். முதியோரை உடன் அழைத்துச் செல்லும் இளைஞர்கள், அவர்கள் நடந்தே தீர வேண்டும் என்று கூறினாலும், இரு மகன்களின் தோளில் தொங்கி வந்த முதியவரின் நிகழ்ச்சியை அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆரம்ப நாளிலிருந்தே இறையச்சத்தின் மீது நிறுவப்பட்ட பள்ளி என்று திருக்குர்ஆனின் தவ்பா அத்தியாயம் (9:108) கூறுவது குபா பள்ளியையா நபிகளாரின் பள்ளியையா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. ஸஹீஹ் முஸ்லிமின் ஓர் அறிவிப்பு நபிகளாரின் பள்ளியைச் சுட்டுகிறது. வசனத்தின் சூழலும், தூய்மையை விரும்பும் மாந்தர் என்று குபாவாசிகள் போற்றப்பட்ட அறிவிப்பும் குபாவைச் சுட்டுகின்றன. இரண்டுமே அத்தன்மை உடையவை எனக் கூறி இணக்கம் கண்டோரும் உளர். அவ்வசனத்தைத் தொடர்ந்து, இறையச்சத்தின் மீது கட்டடம் எழுப்பியவனும் சரியும் கரையின் விளிம்பில் எழுப்பியவனும் சமமாவார்களா என்ற கேள்வி வருகிறது. அடித்தளத்தைப் பற்றிய அக்கேள்வி நடைக்கும் பொருந்தும். இந்த நடையின் அடித்தளமாக அண்ணலார் வைத்தது உறவும் விசாரிப்பும் தொழுகையும் ஆகும். குபா சென்று மீளும் நாம், நம் ஊர் ஜும்ஆவுக்கு இவ்வாரம் வராதவர் யார் என்று பார்த்து, மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோமாயின், அந்தச் சனிக்கிழமைச் சுன்னத் மதீனாவுக்கு அப்பாலும் உயிர்பெறும். அத்தெருவில் நிழலுக்கு ஒரு மரம் வைப்போமாயின் அது இன்னும் சிறக்கும்.